நின்றுபோன ஸ்பீட்வே அணியை மறுபடி ஓட வைப்பது எப்படி? மண்ணிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில், கௌலி என்ற பகுதியில், 1939-ல் திறந்த ஸ்டேடியம் ஒன்று இருக்கிறது. வெளிவட்டம் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்துக்கு. உள்வட்டம் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள்களுக்கு. டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சன் 1986, 1987, 1989 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியன் ஆனபோது, பிரிட்டனில் இந்த ஊர் அணியான ஆக்ஸ்போர்டு சீட்டாஸுக்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். 2007-ஆம் ஆண்டோடு ஸ்பீட்வே நின்றது. 2012 இறுதியில் நாய்ப் பந்தயமும் நின்று வாயிற்கதவு பூட்டப்பட்டது. அங்கே குடியிருப்பு கட்ட ஒரு நிறுவனம் திட்டம் போட்டது. சீட்டாஸுக்குப் பலர் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டார்கள். 2022-ல் அதே உள்வட்டத்தில் நான்கு வண்டிகள் மறுபடி தொடக்க நாடாவுக்குப் பின்னால் வந்து நின்றன.

அணியைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் ரசிகர்கள் வீரரின் பெயரையோ பணம் போட்டவரின் பெயரையோ சொல்வார்கள். என் பதில் ஒரு காகிதம். 2014-ல் ஆக்ஸ்போர்டு நகர மன்றம் அந்த ஸ்டேடியத்தைப் பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. வீடு கட்டுவது எளிதில்லாத நிலமாகப் பூட்டிக் கிடந்ததால்தான், குத்தகைக்கு எடுத்து நடத்த ஒருவர் வந்தபோது எடுப்பதற்கு ஓர் இடம் மிச்சமிருந்தது.

இந்த வழிகாட்டியின் வரிசை அதிலிருந்து வருகிறது. அணியை மீட்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: முதலில் சின்னம், பிறகு ஜாக்கெட்டின் நிறம், பிறகு எந்த வீரர் வருவார் என்ற பேச்சு, கடைசியில் நிலம். வீரர்களை ஒரே குளிர்காலத்தில் ஒப்பந்தம் செய்துவிடலாம். நிலம் கைவிட்டுப் போய் அதன் மேல் சமையலறையும் கார் நிறுத்துமிடமும் எழும்பிவிட்டால் முடிந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

நீள்வட்ட மண் தடம். நான்கு பேர், நான்கு சுற்று, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 500 சிசி ஒற்றை உருளை எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர். பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டு, இரும்புத் தகடு பொருத்திய இடது காலணியை மண்ணில் தேய்த்தபடி திரும்புவார்கள். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்து 2, பிறகு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் லீக் ஆட்டத்தில் அணிக்கு 7 பேர், மொத்தம் 15 ஓட்டங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் அணிக்கு இருவர்.

ஆஸ்திரேலியாவின் மெய்ட்லண்டில் 1923-ல் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயங்களிலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வது வழக்கம். 1928 பிப்ரவரி 19 அன்று லண்டன் அருகே ஹை பீச்சில் நடந்த பந்தயத்துக்குப் பிறகு பிரிட்டன் முழுவதும் காட்டுத்தீயாகப் பரவியது. அப்படிப் பரவிய தடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆகவே, மீட்பதற்கு அணிகளுக்குப் பஞ்சமில்லை.

படி 1: எப்படி நின்றது என்று கண்டுபிடியுங்கள்

"கூட்டம் குறைந்தது, அதனால் மூடிவிட்டார்கள்" என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். கூட்டம் குறைந்ததும் மூடப்பட்டதும் ஒரே காலத்தில் நடந்திருக்கலாம். மூடியதற்கான காரணம் பெரும்பாலும் நிலப் பத்திரத்தில் இருக்கும். உள்ளூர் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களையும், நகர மன்றத்தின் திட்ட அனுமதிக் கோப்புகளையும், நிலப் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்காருங்கள். கீழே உள்ள நான்கில் ஒன்றில் உங்கள் அணி வந்து நிற்கும்.

முதல் வகை: நிலமே விற்கப்பட்டது. லெஸ்டர் லயன்ஸ் அணியின் பிளாக்பேர்ட் ரோடு ஸ்டேடியம் 1983-ஆம் ஆண்டுப் பருவத்தோடு போனது. பெல் வியூ ஏசஸ் அணியின் புகழ்பெற்ற ஹைட் ரோடு 1987-ல் போனது. கிரேட்லி ஹீத் ஹீத்தன்ஸின் டட்லி வுட்டில் 1995-ல் கடைசி ஓட்டம். எக்ஸிடர் ஃபால்கன்ஸின் கவுண்டி கிரவுண்டில் 2005-ல். இந்த இடங்களில் பழைய தடத்துக்குத் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை; மனசைத் தேற்றிக்கொண்டு படி 4-க்குப் போங்கள்.

இரண்டாம் வகை: ஸ்டேடியம் இருக்கிறது, சொந்தக்காரர் இடம் தர மாட்டேன் என்கிறார். வுல்வர்ஹாம்ப்டன் வுல்வ்ஸ் இப்படித்தான் 2023-ல் மன்மோர் கிரீனை விட்டு வெளியேறியது. 1928 முதல் ஸ்பீட்வே கண்ட இடம் அது.

மூன்றாம் வகை: இன்னொரு விளையாட்டோடு மோதல். வெம்பிளி லயன்ஸ் 1970-ல் மீண்டு வந்தது. ஸ்காட்லாந்தின் கோட்பிரிட்ஜில் ஓடிக்கொண்டிருந்த அணியின் உரிமத்தை வாங்கி வெம்பிளிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டே பருவம், சனிக்கிழமைகளைக் கால்பந்து எடுத்துக்கொண்டது, 1971-க்குப் பிறகு அணி இல்லை. பெர்விக் பாண்டிட்ஸ் 1980-ல் ஷீல்ஃபீல்ட் பார்க்கிலிருந்து வெளியேற்றப்பட்டதும் கால்பந்துக் கழகத்தோடு வந்த தகராறில்தான்.

நான்காம் வகைதான் சுலபமானது: நடத்தியவரிடம் பணம் தீர்ந்தது. நிலமும் சொந்தக்காரரின் மனமும் அப்படியே இருந்தால் புதிய ஆள் வந்து கதவைத் திறக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பழைய நிறுவனம் யாருக்கெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டப்படி அந்தக் கடன் உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊதியம் வராத வீரரும் காசு வராத அச்சகத்தாரும் அணியின் பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

படி 2: நிலத்தைப் பிடித்து வையுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவாக வேண்டும்.

இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஒரு கருவியைத் தருகிறது. ஓர் இடம் ஊர் மக்களின் பொது வாழ்வுக்குப் பயன்படுகிறது, அல்லது அண்மைக் காலம்வரை பயன்பட்டது என்று காட்டினால், அதைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று உள்ளூர் மன்றம் பட்டியலில் சேர்க்கலாம். விண்ணப்பிக்கப் பெரிய சங்கம் தேவையில்லை. பதிவு செய்யாத குழுவாக இருந்தாலும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்த 21 பேர் உறுப்பினராக இருந்தால் போதும். பட்டியலில் ஏறிய சொத்து அதில் 5 ஆண்டு இருக்கும். இடையில் சொந்தக்காரர் விற்க முனைந்தால் முதலில் 6 வார இடைவெளி; அதற்குள் "நாங்கள் வாங்க முயல்கிறோம்" என்று குழு எழுதிக் கொடுத்தால், அறிவிப்பு நாளிலிருந்து மொத்தம் 6 மாதம் வேறு யாருக்கும் விற்க முடியாது.

இந்தக் கருவியின் வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது விற்பனையைத் தாமதப்படுத்தும், தடுக்காது. இன்னொன்று, 'அண்மைக் காலம்' என்ற சொல்லுக்கு ஆயுசு குறைவு. மூடி பத்தாண்டு கழித்துப் போய் நின்றால் மன்ற அதிகாரி உதட்டைப் பிதுக்குவார். ஆகவே மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த வாரமே விண்ணப்பம் போக வேண்டும். கடைசி ஆட்டத்துக்குப் பூங்கொத்து வாங்கும் காசில் பாதியைத் தபால் செலவுக்கு ஒதுக்குங்கள்.

தடுக்கும் வலிமை உள்ளது திட்ட அனுமதி விதிகளில்தான். இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கைப்படி, இருக்கும் விளையாட்டு இடத்தில் கட்டடம் கட்டுவதற்கு மூன்று வழிகளே உண்டு: அந்த இடம் உபரி என்று ஆய்வு தெளிவாகக் காட்ட வேண்டும், அல்லது அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான மாற்றிடம் தர வேண்டும், அல்லது பதிலாக வரும் வேறு விளையாட்டு வசதியின் பயன், போகும் இடத்தின் பயனைவிடத் தெளிவாக அதிகம் என்று நிறுவ வேண்டும். உங்கள் எதிர்ப்பு மனுவில் "என் தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்" என்பதற்கு ஒரு பத்தி போதும். மிச்சம் முழுக்க இந்த மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக அடைக்கும் வாதமாக இருக்கட்டும்.

இதற்குப் பாடம் கோவன்ட்ரி பீஸ். பிராண்டன் ஸ்டேடியத்தில் 1928-லேயே பந்தயம் நடந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூடப்பட்டது. வீடுகள் கட்ட விண்ணப்பித்தவர்கள் அதோடு செயற்கைப் புல் கால்பந்துத் திடல் ஒன்றையும் சேர்த்தார்கள். மூன்றாவது வழியைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று இப்போது உங்களுக்கே புரியும். ஸ்பீட்வே ரசிகர்களும் ஸ்டாக் கார் பந்தய ரசிகர்களும் ஒரே குழுவாக நின்று எதிர்த்தார்கள். 2022-ல் ரக்பி பரோ மன்றம் (ரக்பி இங்கே ஊரின் பெயர்) அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டு விசாரணையும் 2023-ல் நடந்து, அதுவும் தள்ளுபடியானது. ஏழு ஆண்டுப் போராட்டம். அதன் முடிவில் அவர்கள் கையில் இருந்தது வெற்றியும், தீ வைக்கப்பட்டும் சூறையாடப்பட்டும் பாழடைந்த ஒரு ஸ்டேடியமும்.

ஆகையால் இந்தப் படியில் இன்னொரு வேலையும் உண்டு. பூட்டிய ஸ்டேடியத்தின் கூரையும் மின்கம்பியும் செப்புக் குழாயும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஒவ்வொரு இழப்பும் 'இதை இனிச் சீரமைக்க முடியாது' என்ற வாதத்துக்கு ஒரு செங்கல். உள்ளே நுழைய உங்களுக்கு உரிமை கிடையாது, நுழையவும் கூடாது. பொதுச் சாலையிலிருந்து மாதம் ஒரு முறை தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சேதம் தெரிந்த அன்றே மன்றத்துக்கும் போலீசுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. அங்கே உள்ள அணி என்றால் அந்த நாட்டு விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

படி 3: இரண்டு அமைப்புகள்

போராடுகிற குழுவும் பந்தயம் நடத்துகிற நிறுவனமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. போராட்டக் குழு நிலத்துக்காக நிற்க வேண்டும். நடத்துகிறவர், அதாவது புரமோட்டர், இன்று வருவார், நாளை போவார். அவர் நொடித்துப்போனால் குழுவின் வங்கிக் கணக்கும் சேர்ந்து முடங்கக் கூடாது. குழுவைச் சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்தால், யார் எவ்வளவு பங்கு போட்டாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. பணக்காரர் ஒருவர் வந்து மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பெயரும் சின்னமும் யாரிடம் இருக்கின்றன என்பதை இப்போதே கேளுங்கள். பழைய நிறுவனத்தின் கோப்பில், முன்னாள் புரமோட்டரின் பெயரில், சில சமயம் யாருடைய பெயரிலும் இல்லாமல் இருக்கும். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நிகழ்ச்சிப் புத்தகங்கள், புகைப்படங்கள், ரேஸ் ஜாக்கெட்டுகள் ஆகியவற்றைச் சேகரிப்பதும் இந்த நேரத்தில்தான். அது வெறும் ஏக்கம் என்று நினைக்க வேண்டாம். 'இந்த இடம் ஊரின் வரலாற்றுக்கு வேண்டியது' என்ற வாதத்துக்கு அவைதான் சாட்சி.

படி 4: பழைய தடம் போய்விட்டால்

இரண்டு வழி. ஒன்று, தடமில்லாத அணி. கிரேட்லியின் ரசிகர்கள் 15 ஆண்டு காத்திருந்து 2010-ல் டட்லி ஹீத்தன்ஸ் என்ற பெயரில் கீழ்மட்ட லீக்கில் இறங்கினார்கள். வீட்டு ஆட்டங்களை மன்மோர் கிரீனிலும் பர்மிங்காமின் பெர்ரி பாரிலும் நடத்தினார்கள். மன்மோர் கிரீன் யாருடைய வீடு? பரம எதிரியான வுல்வர்ஹாம்ப்டனுடையது. பங்காளிச் சண்டைக்காரர் வீட்டுத் திண்ணையில் கல்யாணம் நடத்தியது மாதிரி. ஆனாலும் நடத்தினார்கள், கோப்பைகளும் வென்றார்கள். பெயர் உயிரோடு இருக்க இது நல்ல வழி. நிரந்தர வழியாக நினைக்காதீர்கள். விருந்தாளிக்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் தேதிகளும் மிச்சமிருக்கும் வருமானமும்தான். இன்று அந்த இரண்டு தடங்களிலுமே ஸ்பீட்வே இல்லை.

மற்றது, புதிய இடம். எடின்பரோ மோனார்க்ஸ் 1995-ல் பவுடர்ஹாலை இழந்து 1997-ல் ஆர்மடேலுக்குப் போனது. லெஸ்டர் 28 ஆண்டு கழித்து 2011-ல் பியூமான்ட் பார்க்கில் புதிதாகக் கட்டிய தடத்தில் திரும்பியது. ரெட்கார் பேர்ஸ் 2006-ல் தெற்கு டீஸ் மோட்டார் விளையாட்டுப் பூங்காவில் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது பெர்விக் கதை: வெளியேற்றப்பட்டவர்கள் ஊருக்குத் தெற்கே வயல்வெளியில், பெரிங்டன் லோ என்ற இடத்தில் சொந்தமாகத் தடம் போட்டு 1982 முதல் ஓட்டினார்கள். 1995-ல் பழைய ஷீல்ஃபீல்டுக்கே திரும்பினார்கள். காற்றும் மழையும் அடிக்கும் வயலில் பத்தாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததால்தான் திரும்புவதற்கு ஓர் அணி இருந்தது.

இடம் தேடும்போது முதலில் காதைக் கூர்மையாக்குங்கள். ஸ்பீட்வேயின் எதிரி சத்தம். சைலன்சர் கட்டாயம் என்றாலும் நான்கு எஞ்சின்கள் ஒன்றாக முழங்கினால் படுக்கையறைவரை கேட்கும். தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை ஓரம், ஏற்கெனவே கார்ட் அல்லது ஸ்டாக் கார் ஓடும் வளாகம், இவைதான் அனுமதி கிடைக்கக்கூடிய இடங்கள். ஆண்டுக்கு இத்தனை இரவு, இரவு இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று மன்றம் நிபந்தனை போடும். அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்களே ஓர் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் அது நம்பிக்கையைக் கொடுக்கும். மழையால் தள்ளிப்போகும் ஆட்டங்களுக்கு உள்ள இரவுகளையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் ஈரமான ஒரு மே மாதம் போதும், செப்டம்பரில் கையில் அனுமதி மிஞ்சாது.

படி 5: தடம் போடுவது

சர்வதேச விதிப்படி தடத்தின் நீளம் 260 முதல் 425 மீட்டருக்குள் இருக்கலாம். நேர்ப்பகுதியில் குறைந்தது 10 மீட்டர் அகலம், வளைவில் 14 மீட்டர். வளைவில் அகலம் அதிகம் வேண்டுவது ஏன் என்றால், பின்னால் வருபவர் முந்துவது அங்கேதான். குறுகிய வளைவில் நாடா எழும்பிய நொடியிலேயே முடிவு தெரிந்துவிடும். மிச்சம் நான்கு சுற்றும் ஊர்வலம்தான்.

அடியில் வடிகால், அதன் மேல் நன்கு அழுத்திய கல் அடித்தளம், அதற்கு மேல் ஓடும் பரப்பு. பிரிட்டனில் மரபாகப் போடுவது ஷேல் என்ற களிப்பாறைத் துகள். சில இடங்களில் கிரானைட் துகள். அடித்தளத்தில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். மேல்மண்ணை எந்த வாரமும் மாற்றலாம். அடித்தளம் உள்வாங்கினால் பருவம் முழுக்கக் குழி வந்துகொண்டே இருக்கும், எவ்வளவு நிரப்பினாலும் அதே இடத்தில்.

இனி வருவது புத்தகத்தில் கிடைக்காது. பழைய தடக் காப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தால்தான் கிடைக்கும். மண்ணின் ஈரம்தான் இந்த விளையாட்டின் பாதி. காய்ந்துபோனால் புழுதி, பார்வையாளர் கண்ணெல்லாம் மண். நனைந்துபோனால் சக்கரம் திடீரென்று பிடித்து வண்டி வீரரைத் தூக்கி எறியும். எப்போது, எந்த வளைவில், எவ்வளவு தண்ணீர் என்பது காற்றைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, கையில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்து முடிவு செய்வது. சப்பாத்தி மாவுக்குத் தண்ணீர் அளந்து சொல்லச் சொன்னால் வீட்டில் என்ன பதில் வருமோ அதே பதில்தான் அவரிடமிருந்தும் வரும். ஒவ்வோர் ஓட்டத்திலும் மண் வெளிப்பக்கம் தள்ளப்படும். சில ஓட்டங்களுக்கு ஒரு முறை டிராக்டரைக் கொண்டுவந்து உள்ளே இழுத்துச் சமன் செய்ய வேண்டும். ஆகவே வாங்க வேண்டிய பொருள்களில் முதலிடம் டிராக்டர், சமன் செய்யும் கருவி, தண்ணீர் வண்டி. ஸ்கோர் போர்டுக்குக் காசில்லாவிட்டால் கரும்பலகை போதும்.

வளைவுகளில் காற்று நிரப்பிய தடுப்பு வையுங்கள். பிரேக் இல்லாத வண்டியிலிருந்து விழுபவருக்கும் வேலிக்கும் இடையில் இருப்பது அது ஒன்றுதான்.

படி 6: உரிமமும் லீக்கும்

தடத்தை ஸ்பீட்வே கட்டுப்பாட்டு அமைப்பு பார்வையிட்டு உரிமம் தர வேண்டும். லீக்கில் சேர்ப்பது புரமோட்டர்களின் கூட்டமைப்பு. பிரீமியர்ஷிப், சாம்பியன்ஷிப், அதற்குக் கீழே இளைஞர்களுக்கான வளர்ச்சி லீக் என்று மூன்று அடுக்கு பழக்கத்தில் இருந்து வந்திருக்கிறது. பணம் இருந்தாலும் மேலே குதிக்காதீர்கள். ஆக்ஸ்போர்டு 2022-ல் நடு அடுக்கில் சீட்டாஸ், கீழடுக்கில் சார்ஜர்ஸ் என்று இரண்டு அணிகளோடு தொடங்கியது. பிரீமியர்ஷிப்புக்குப் போனது 2024-ல்தான்.

அணி சேர்ப்பதில் விலைக்கு வாங்கிக் குவிக்க முடியாது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சராசரி உண்டு: எடுத்த புள்ளிகளோடு போனஸ் புள்ளிகளை (சக அணி வீரருக்கு அடுத்ததாக, எதிரணி ஒருவரையாவது முந்தி வருபவருக்குக் கிடைப்பவை) கூட்டி, ஓட்டங்களால் வகுத்து, நான்கால் பெருக்க வேண்டும். 20 ஓட்டத்தில் 36 புள்ளியும் 4 போனஸும் எடுத்தவரின் சராசரி 8. ஏழு பேரின் கூட்டுச் சராசரிக்கு லீக் ஒரு மேல்வரம்பு வைக்கும். கெட்டிக்காரத்தனம் பெரிய பெயர் இருவரைப் பிடிப்பதில் இல்லை. சராசரி 4 உள்ள பையன்களில் இந்த ஆண்டு 6-க்கு ஏறப்போகிறவன் எவன் என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

பந்தய இரவு எது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். நல்ல வீரர்கள் போலந்திலும் சுவீடனிலும் கூட ஓட்டுகிறார்கள். வார இறுதி போலந்துக்கு, செவ்வாய் சுவீடனுக்கு என்று போன பிறகு மிஞ்சும் இரவில்தான் உங்களுக்கு அவர்கள் கிடைப்பார்கள். வெளிநாட்டு வீரருக்கு விசா வேலையைக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்.

படி 7: குத்தகைப் பத்திரம்

விம்பிள்டன் டான்ஸ் 1991-ல் நின்று, 2002-ல் பழைய பிளவ் லேன் ஸ்டேடியத்துக்கே திரும்பியது. மூன்றாம் அடுக்கு லீக், இளம் வீரர்கள், லண்டனுக்குள்ளேயே ஸ்பீட்வே. நான்கு பருவம் ஓடியது. 2005-க்குப் பிறகு ஸ்டேடியம் உரிமையாளரோடு குத்தகையில் உடன்பாடு வராமல் மறுபடி நின்றது. அந்த ஸ்டேடியம் பின்னர் இடிக்கப்பட்டு, ரசிகர்கள் தாங்களே தொடங்கிய ஏஎஃப்சி விம்பிள்டன் கால்பந்துக் கழகம் 2020-ல் அங்கே குடியேறியது. ஒரு விளையாட்டின் மீட்சி இன்னொரு விளையாட்டின் புதைமேட்டில் எழுந்தது என்பதை நினைத்தால் யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை ஆண்டு, வாடகை உயர்வு எந்த அளவுகோலின்படி, எத்தனை தேதிகள் உறுதி, சொந்தக்காரர் விற்றால் உங்கள் உரிமை தொடருமா. இவற்றுக்கு அடுத்து ஒரு கேள்வி: மதுக்கடை, உணவுக் கடை, வாகன நிறுத்தம் ஆகியவற்றின் வருமானம் யாருக்கு? அது முழுக்க உரிமையாளருக்கு என்றால் நுழைவுச் சீட்டுக் காசை மட்டும் வைத்து நீங்கள் எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டும். அப்படிப்பட்ட பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

செலவில் வேடிக்கை ஒன்று உண்டு. வீரர்கள் சொந்த வண்டியோடு வரும் சுயதொழில்காரர்கள். எடுக்கும் புள்ளிக்கு ஏற்பக் கூலி. உங்கள் அணி அடித்து நொறுக்கி வென்றால் அன்றைக்குக் கூலிச் செலவும் எகிறும். கடைசி ஓட்டம்வரை இழுபறியாகப் போய் இரண்டு புள்ளியில் வெல்லும் ஆட்டம் ரசிகருக்கும் நல்லது, கணக்குப்பிள்ளைக்கும் நல்லது.

படி 8: பந்தய இரவின் ஆட்கள்

நடுவர், தொடக்க அதிகாரி, வண்டிச் சோதகர், கொடிக்காரர்கள், நேரம் பார்ப்பவர், மண்ணைச் சீவுபவர்கள், வண்டி தள்ளுபவர்கள். பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பழைய அணியில் இந்த வேலைகளைச் செய்தவர்கள் இன்னும் அந்த வட்டாரத்தில்தான் இருப்பார்கள். வீரர்களைத் தேடுவதற்கு முன்னால் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போய்விட்டால் அடுத்தது வரும்வரை ஆட்டம் நிற்கும். இரண்டாவது வாகனத்துக்குப் பணம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் மன்றம் விதித்த முடிப்பு நேரம் நெருங்கும்போது 11-ஆம் ஓட்டத்தோடு ஆட்டத்தை முடித்துவிட்டு வசவு வாங்க வேண்டியிருக்கும்.

படி 9: முதல் இரவு

பெல் வியூ 1987-ல் ஹைட் ரோட்டை இழந்த பிறகு அருகிலிருந்த கிரேஹவுண்ட் ஸ்டேடியத்துக்கு மாறி, அங்கேயே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளியது. கடைசியில் மான்செஸ்டரில் சுமார் 80 லட்சம் பவுண்ட் செலவில் தேசிய ஸ்பீட்வே ஸ்டேடியம் எழும்பியது. 347 மீட்டர் தடம். திறப்பு விழா 2016 மார்ச் 19. பெல் வியூவின் இரு முறை உலகச் சாம்பியன் பீட்டர் கிரேவன் நினைவுக் கோப்பைக்கான பந்தயம். அரங்கு நிறையக் கூட்டம். தடம் பாதுகாப்பாக இல்லை என்று கண்டு ஆட்டத்தை ரத்து செய்தார்கள். மண்ணைச் சரிசெய்து, பிறகுதான் பந்தயம் தொடங்கியது. அந்தப் பருவத்தின் முடிவில் நடத்திய நிறுவனமும் கவிழ்ந்தது. புதியவர்கள் வந்து அணியைத் தொடர்ந்தார்கள். இன்று பிரிட்டனின் மிகச் சிறந்த தடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியிருப்பது அதே தடம்தான்.

ஆகவே திறப்பு விழா தேதியை அச்சடிப்பதற்கு முன் இவ்வளவையும் முடித்துவிடுங்கள். தனி ஓட்டப் பயிற்சி ஒரு நாள். நான்கு பேர் ஒன்றாக ஓடும் பயிற்சி குறைந்தது இரண்டு நாள், அதில் ஒரு நாள் மழைக்கு மறுநாளாக இருந்தால் நல்லது. ஓட்டியவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள். "பரவாயில்லை" என்று சொல்கிறவரிடம் எந்த வளைவு பரவாயில்லை என்று கேளுங்கள். பிறகு கதவடைத்து, நடுவர், மருத்துவக் குழு, டிராக்டர், கொடி எல்லாவற்றோடும் 15 ஓட்டங்களை நேரம் பார்த்து நடத்துங்கள். முதல் பொது ஆட்டம் பெரிய கோப்பைக்காக வேண்டாம்; பக்கத்து ஊர் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் போதும், பழைய சாம்பியன்களை அழைக்கும் விழாவை ஜூனுக்குத் தள்ளுங்கள். அன்று மதியம் மழை வந்தால், வாயிலைத் திறப்பதற்கு முன்பே ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்பது எழுத்தில் இருக்கட்டும். அந்த ஆள் தடத்தில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறவராக இருக்கட்டும், டிக்கெட் விற்கிறவராக வேண்டாம்.